ஆல்பர்ட்டுக்கு வந்த அழைப்பு

செப்டம்பர் 1, திங்கள்

காலையிலிருந்து மழை. குடையை பஸ்ஸில் விட்டுவிட்டேன், இந்த வருஷத்தில் இரண்டாவது. கிளினிக்கில் கூட்டம். பல்வலிக்காரர்களிடம் பெயர் கேட்டு, உட்காரச் சொல்லி, அதிலேயே பகல் போனது.

மதியம் தெரேசா அக்கா போன். ஆல்பர்ட்டின் அக்கா. இதற்கு முன் என்னைக் கூப்பிட்டது ஒரே தடவை, அவன் இறந்த அன்று. தூக்கத்திலேயே மாரடைப்பு, அறுபதுகூட ஆகவில்லை. சனிக்கிழமை மாலை முப்பதாம் நாள் திருப்பலியாம். முடிந்ததும் தேவாலய மண்டபத்தில் ஓரிருவர் பேச வேண்டுமாம். அவனுடைய பழைய இசைக்குழுவில் இருந்தவர்களில் இங்கே மிச்சம் நீதான், நீ பேசு சாந்தி என்றார். சரி என்றேன்.

செய்ய வேண்டியவை: பிரஷர் மாத்திரை. பால். குடை. பேச்சு எழுதணும்.

எழுதவில்லை.

செப். 2, செவ்வாய்

வெயில். வேலை முடிந்து லிட்டில் இந்தியா. மாத்திரைக்கு என்று சொல்லிக்கொண்டு போனேன், மாத்திரை புக்கிட் மேராவில் நான் குடியிருக்கும் அடுக்குமாடிக்குக் கீழேயே கிடைக்கும்.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் சந்து. நகைக்கடைக்கு மேலே நாங்கள் பயிற்சி செய்த அறை. இப்போது ஏதோ தங்கும் விடுதி. ஜன்னலில் துண்டுகள் காய்கின்றன.

நாங்கள் நான்கு பேர். ராக் இசை. நான் பாடினேன், ஆல்பர்ட் கீபோர்டு. காலணியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் தொடங்குவான். எதிரில் கேசட் கடை. அங்கே ஒரு பாட்டு ஒரு தடவை ஓடினால் போதும். அப்படியே வாசித்துக் காட்டிவிட்டு, இரண்டாம் தடவை இடது கையில் தன்னுடையதாக ஒன்றைச் சேர்ப்பான். பிறகு அசல் பாட்டைக் கேட்டால் அதில் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

தோசை ஒன்று. பக்கத்து மேசையில், "மழை வரும்லா." "வராதுலா, நேத்தே பெஞ்சு தீர்த்துருச்சு." தனியாகச் சாப்பிடுவது எத்தனையோ வருஷப் பழக்கம். இன்று மட்டும் எதிர் நாற்காலி கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பாதியில் எழுந்துவிட்டேன்.

செப். 3, புதன்

காலையில் நாலு வரி. கிழித்தேன். அவன் திறமையைப் பற்றி எந்த முகத்தோடு பேச?

இங்கேயாவது எழுதுகிறேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பகலில் அவன் வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள் என்பதால் என் அலுவலக எண்ணைத்தான் எல்லோருக்கும் கொடுத்திருந்தான். ஒரு நாள் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். நாங்கள் வாசித்த ஏதோ ஒரு பப்பில் கேட்டிருக்கிறார். ஊர் ஊராகப் போகும் பெரிய ராக் குழு, கீபோர்டுக்கு ஆள் தேவை. ஆல்பர்ட் மட்டும்.

ஆல்பர்ட்டுக்கு விருப்பமில்லை என்றேன். யோசிக்கக்கூட இல்லை.

குழு உடையக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் என்னை விட்டுப் போகக்கூடாது, அவ்வளவுதான் உண்மை. அவனிடம் என் மனதையும் சொன்னதில்லை, இந்த அழைப்பையும் சொன்னதில்லை.

அந்த வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான், யாராவது கூப்பிட்டார்களா என்று. இல்லை. இல்லை. அடுத்த வருஷமே குழு கலைந்தது. அவன் ஒரு கிடங்கில் வேலைக்குப் போனான். ஞாயிறுகளில் தேவாலயத்தில் வாசித்தான். வேறு எங்கும் இல்லை.

மாலை கிளமெண்டியில் தெரேசா அக்கா வீடு. தெ. அக்கா பழைய படங்களை எடுத்து வைத்திருந்தார். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும்.

கையிலிருந்த படத்தை அக்கா மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இத ஏன் எங்கிட்ட சொல்ற? முப்பது வருஷமா அவன் இங்கதானே இருந்தான். அவன்கிட்ட சொல்லியிருக்கணும்."

பயமாக இருந்தது என்றேன்.

"இப்ப உனக்கு லேசாயிருச்சு. நான் இத எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

லிஃப்ட் வரை வரவில்லை. எனக்கு லேசாகவும் இல்லை.

செப். 5, வெள்ளி

நேற்று எழுத ஒன்றுமில்லை. இன்று புழுக்கம். ஒருவர் பெயரை இரண்டு தடவை பதிந்தேன். உடம்பு சரியில்லையா என்று டாக்டர் கேட்டார். சரியாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து போனை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு தெ. அக்காவிடமிருந்து செய்தி. "நாளைக்கு நீ பேசு. அந்த விஷயம் வேணாம். அவன் வாசிச்சத மட்டும் சொல்லு."

செப். 6, சனி

மண்டபத்தில் நாற்பது பேர் இருக்கும். அவர்களுக்குத் தெரிந்த ஆல்பர்ட் பக்திப் பாடல் வாசிக்கும் அமைதியான ஆள். ராக் என்றதும் சிலர் சிரித்தார்கள்.

தாள் இல்லாமல் பேசினேன். ஒரு முறை சமூக மன்றத்தில் நிகழ்ச்சி. பாட்டின் நடுவில் ஸ்பீக்கர்கள் எல்லாம் செத்துவிட்டன. டிரம்ஸ் மட்டும் ஓடியது. நான் பாடுவதை நிறுத்திவிட்டேன். ஆல்பர்ட் நிறுத்தவில்லை. பக்கத்தில் நின்ற எனக்குக் கீபோர்டின் கட்டைகள் தட்டுப்படும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நிமிஷம் இருக்கும். ஸ்பீக்கர் திரும்ப வந்தபோது அவன் இசை டிரம்ஸோடு சரியான இடத்தில், இம்மி பிசகாமல், மண்டபம் முழுக்க நிறைந்தது. கூட்டம் எழுந்து நின்றது. அவன் அதைக் கவனிக்கவே இல்லை. பாடு என்று என்னைப் பார்த்துத் தலையசைத்தான்.

அத்தோடு முடித்து இறங்கிவிட்டேன்.

வாசலில் தெ. அக்கா. மீ கோரெங் நூடுல்ஸ் பொட்டலம் ஒன்றைக் கையில் திணித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"எனக்கு ஆத்திரம் இன்னும் தீரல. தீருமான்னும் தெரியல." பொட்டலத்தின் ரப்பர் வளையத்தை இழுத்துச் சரிசெய்தார். "ஆனா அவன் அப்படி வாசிச்சத நான் ஒரு தடவகூட வந்து பாக்கல, சாந்தி. அடுத்த ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வா. மிச்சத்தச் சொல்லு."

வருகிறேன் என்றேன்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. பக்கத்திலிருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார்.