விண்ணப்பத்தை நான் திரும்பப் பெறவில்லை

கண்ணா,

என் மேல் கோபமாக இருப்பாய். இருந்துவிட்டுப் போ.

வெளிநாட்டு மருத்துவச் சேவைக்கு ஆள் எடுக்கும் அலுவலகத்துக்கு நீ போன் செய்து, "அம்மாவுக்கு மறதி ஜாஸ்தி, சேத்துக்காதீங்க" என்று சொன்னாயாமே. நேர்காணலில் அந்த அதிகாரியம்மா நேராகவே கேட்டுவிட்டார். எனக்கு முகமே செத்துப்போனது. ஆனாலும் என் பிள்ளை பொய் சொன்னான் என்று சொல்ல வாய் வரவில்லை.

"நீங்களே பாத்துக்குங்க மேடம். பொறந்த குழந்தை அழல, மூச்சும் இல்ல. என்ன செய்யணும்னு சொல்லட்டுமா?" என்றேன். துணியால் துடைத்து முதுகைத் தேய்ப்பதில் தொடங்கி, மாஸ்க் வைத்துக் காற்று கொடுப்பது வரை மூச்சுவிடாமல் சொன்னேன். முப்பத்து நான்கு வருஷம் பிரசவ அறையில் நின்ற நர்ஸுக்கு அதெல்லாம் மறக்குமா?

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அங்க நாலு ஊருக்கு ஒரே நர்ஸ்தான் இருக்காங்க. எப்பக் கிளம்புவீங்க?"

வியாழக்கிழமை கிளம்புகிறேன். இரண்டு வருஷம். அங்கே கரண்டு நினைத்தால் வருமாம், தண்ணீரைத் தூக்கிக்கொண்டுதான் வர வேண்டுமாம். இருக்கட்டும். உன் அப்பா போனதிலிருந்து நானும் டிவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல். "இந்த வயசுல உனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கேட்டாயே, வேறு எது எனக்கு இருக்கிறது என்று நீயும் சொல்லவில்லை.

விமான நிலையத்துக்கு வா. தடுக்கிற எண்ணமிருந்தால் வராதே. பெட்டி கனமாக இருக்கிறது, தூக்க ஆள் வேண்டும்.

உன் அம்மா