வண்ணத்துப்பூச்சிக் கூரை போட்டவருக்கு

என்னங்க,

புரட்டாசியிலேயே மழை பிடித்துக்கொண்டது. ஹாலில் மறுபடியும் தண்ணீர். வாளி, குண்டான், பொங்கல் பானை எல்லாம் வைத்தாயிற்று. எனக்கு அலுத்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எல்லாரும் மொட்டைமாடி வைத்து வீடு கட்டினார்கள். நீங்கள் மட்டும் அமெரிக்காவில் ஏதோ பாலைவனத்து ஊரைப் பார்த்துக் கட்டினீர்கள். பணக்காரர்கள் ஓய்வுக்கு வருகிற ஊராம். பழைய புத்தகக் கடையில் கிடைத்த பத்திரிகையை விரித்துவைத்து, "பாரு கமலா, சுவருக்குப் பதிலா கண்ணாடி. கூரை வண்ணத்துப்பூச்சி மாதிரி ரெண்டு பக்கமும் எழுந்து நிக்குது" என்றீர்கள். ஆபீஸில் குடோன் பிளானாக வரைந்து சலித்த மனுஷன். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஊரில் மழையே பெய்யாது என்பது நம் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லையே! இறக்கை இரண்டும் சேருகிற நடுப்பள்ளத்தில்தான் நம்மூர் ஐப்பசி மழை மொத்தமும் வந்து நிற்கும் என்று யார் கண்டது?

கிரகப்பிரவேசம் நினைவிருக்கிறதா? கோ பூஜைக்கு வந்த பசு, கண்ணாடியில் தெரிந்த தன்னையே முறைத்துக்கொண்டு நின்றது. முட்டப் போனதும் பால்காரர் கயிற்றை இழுத்துப் பிடித்தார். "இன்னா சார், வூடு கட்றேன்னுட்டு கண்ணாடிக் கடை கட்டி வெச்சிகீறியே! மாடு பேஜாராவுது பாரு" என்றார். எல்லாரையும்விட அதிகம் சிரித்தது நீங்கள்தான். கண்ணாடிமேல் என் பழைய புடவையைப் பிடித்த பிறகுதான் அது உள்ளே நுழைந்தது.

குறை மட்டுமே சொல்ல மாட்டேன். மார்கழிக் காலையில் வெயில் சமையலறைவரை வரும்போது, இப்படி ஒரு வீடு தாம்பரம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. அதே கண்ணாடி சித்திரையில் நம்மை அவித்து எடுத்ததையும் சொல்லத்தானே வேண்டும்?

நீங்கள் இருந்தவரை மழைக்கு முன்னால் ஏணி போட்டு ஏறி, அந்தப் பள்ளத்துச் சருகை அள்ளிவிடுவீர்கள். அப்புறம் நான் ஏறினேன். இப்போது முட்டி கேட்க மாட்டேன் என்கிறது. போன மாதம் பாதி ஏணியில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றுகொண்டு உங்களைத்தான் திட்டினேன். காதில் விழுந்ததா?

அன்றைக்கு வந்திருந்த நம் பிள்ளை ரகு பார்த்துவிட்டு ஓடிவந்து இறக்கினான். "போதும்மா நீ பட்டது. ஃப்ளாட் கட்டறவர் கேட்டுட்டே இருக்கார். இடிச்சிட்டு நமக்கு ஒரு வீடு குடுத்துடுவார்" என்றான். கோபம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "சரிடா" என்றேன். அவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டேனே என்பதுதான் உறுத்துகிறது.

உங்கள் சம்மதம் கேட்டு எழுதவில்லை. கேட்டால் கொடுக்க மாட்டீர்கள். சண்டை போட எனக்கும் தெம்பில்லை. என்மேல் வருத்தமா?

"அடுத்த மாசமே ஆரம்பிக்கச் சொல்லிடட்டுமா?" என்று நேற்று ரகு கேட்டான். தை பிறக்கட்டும் என்றேன். "மழைம்மா! அதுவரைக்கும் இங்க எப்படி இருப்ப? எங்ககூட வந்துடு" என்று கத்தினான். கத்திவிட்டுப் போகட்டும்.

ஒழுகினால் ஒழுகட்டும். இந்த ஒரு மழைக்காலம் முழுக்க உங்கள் கூரைக்குக் கீழேதான் படுப்பேன். யார் கூப்பிட்டாலும் போக மாட்டேன்.

உங்கள் வீட்டுக்காரி,
கமலா