நிரலுக்குள் வெட்டிய பெயர்

இன்று மத்தியானம் உன் பெயரைக் கம்ப்யூட்டர் திரையில் பார்த்தேன். எதையும் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் நான். உன் பெயரை மட்டும் ஒரே மூச்சில் படித்துவிட்டேன்!

எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டு மாடியில் குடியிருந்தபோது எனக்காக ஒரு ஆப் எழுதினாயே, அதைப் பற்றித்தான் சொல்கிறேன். போனில் வரும் செய்தியை வாய்விட்டுப் படித்துக் காட்டும். "கேஸ் எப்ப வரும்னு கேக்க இனிமே யார்கிட்டயும் போனை நீட்ட வேணாம்க்கா" என்றாய். நீட்டவேயில்லை.

நீ கண்ணை மூடிய பிறகு, போன மாதம் அந்த ஆப் புதுசாக மாறியது. முதல் பக்கத்தில் 'உருவாக்கியவர்' என்று உன்கூட வேலை பார்த்தவனின் பெயர்! பெருநாளுக்குப் பெருநாள் உன் வீட்டில் உட்கார்ந்து பிரியாணி தின்றவன். உன் மகளிடம் காட்டினேன். "அம்மா தனியா செஞ்சது இது ஒண்ணுதான் பெரிம்மா. இதுவும் போச்சா?" என்று அழுதாள். விடுவேனா? இன்று அவளை இழுத்துக்கொண்டு தாம்பரத்தில் இருக்கிற அவன் ஆபீசுக்கே போய்விட்டேன்.

அவன் ஆப் எழுதிய ஃபைல்களைத் திறந்து, லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். "பாருங்க பாட்டி, ஒவ்வொரு ஃபைல் தலையிலயும் யார் பேர் இருக்கு?"

"தலையில இருந்த பேரை அழிச்சிட்டு உன் பேரை எழுதிக்கினு, பாட்டின்னு வேற கூப்புடறியா?"

உன் மகள் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். திரையைக் கொஞ்சம் கீழே தள்ளினாள். @ குறி போட்ட ஒரு வரி. அதற்குள் உன் பெயர்! அடுத்த ஃபைல், அதிலும். மேலே இருந்ததை மொத்தமாக மாற்றியவன், கீழே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"இது ஆப்புக்குள்ளயும் இருக்கும்" என்று என் போனை ஒயரில் மாட்டி, ஓடுகிற ஆப்பையே பிரித்துக் காட்டினாள். அங்கேயும் நீ.

எனக்கு, ஆப் எழுதும்போது நீ சொன்னது அப்படியே காதில் கேட்டது. அந்த @ வரியை அனொட்டேஷன் என்றாய். "தலையில எழுதறது சாக்பீஸ்ல எழுதற மாதிரிக்கா, எழுதினது ஆப்பா மாறும்போதே உதிர்ந்துடும். இது எவர்சில்வர் பாத்திரத்துல பேர் வெட்டற மாதிரி. போற இடத்துக்கெல்லாம் கூடவே போகும்." உடனே நான் என் அண்டா கதையை எடுத்தேன். இரவல் வாங்கியதைத் தன்னுடையது என்று சாதித்த எதிர்வீட்டுக்காரியின் வாசலிலேயே அதைக் கவிழ்த்து, அடியில் வெட்டியிருந்த என் பெயரைக் காட்டினேனே, அது. "இன்னுமா அந்தக் கோவம்?" என்று நீ சிரித்தாய். "அவ செத்தாலும் கீது" என்றேன்.

பெயரோடு உன் உரிமத்தையும் அந்த வரியிலேயே எழுதியிருந்தாய். உன் மகள் உரக்கப் படித்தாள். "யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், விற்கலாம். இந்தப் பெயரையும் இந்த வரிகளையும் நீக்கக் கூடாது."

எங்கள் கண் எதிரிலேயே அவன் முதல் பக்கத்தில் உன் பெயரைப் போட்டு, என் போனிலும் ஏற்றினான். கைதட்டியிருப்பேன், உன் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் சும்மா இருக்கவில்லை. "இனிமே இதை நீ தொடவே கூடாது" என்றேன்.

"பெரிம்மா," என்றாள் மெதுவாக, "யாரும்னா இவரும்தான். அம்மா அப்படித்தான் எழுதியிருக்காங்க."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உன்மேல் கோபம். திருட வருகிறவனுக்கும் சேர்த்தா ஒருத்தி அனுமதி எழுதி வைப்பாள்? வீட்டுக்கு வந்து ஆப்பைத் திறந்தேன். முதல் பக்கத்தில் நீ. கோபம் போய்விட்டது, உன்மேல் மட்டும்.

அவன் எடுத்துக்கொள்ளட்டும், விற்கட்டும். நீ கொடுத்ததற்குக் குறுக்கே நான் நிற்கமாட்டேன். ஆனால் அவனை மன்னிக்கச் சொல்லி அந்த வரிகளில் எங்கேயும் நீ எழுதவில்லையே. நானே கூட்டிக் கூட்டிப் படித்துப் பார்த்துவிட்டேன்.