நூற்று முப்பதுக்கு எண்பது

என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டே அறியாத அப்பாவுக்கு,

பிரஷர் மாத்திரையை நீங்கள் நிஜமாகவே தினமும் சாப்பிட்டீர்களா? எனக்கு விடை தெரியவில்லை. சுகாதார நிலையத்திலிருந்து மாத்திரை கொண்டுவரும் செல்வி கேட்கும்போதெல்லாம், "சாப்புட்டுட்டுத்தானுங்க இருக்கறேன்" என்பீர்கள். அப்புறம் ஒரு காலையில் பக்கவாதம் வந்து விழுந்தீர்கள்; எழுந்திருக்கவே இல்லை. வாசலில் வந்து கேட்கிறவர்களிடம் இல்லையென்று சொல்ல நம் ஊரில் யாருக்குத்தான் வாய் வருகிறது?

இப்போது அம்மாவுக்கும் பிரஷர். அதே செல்விதான் மாதாமாதம் வந்து அளந்து, மாத்திரை தருகிறாள். போனில் கேட்டால் அம்மா சொல்வது ஒரே எண்: நூற்று முப்பதுக்கு எண்பது. நான் கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவள். உயிருள்ள உடம்பு மாதம் தவறாமல் ஒரே எண்ணைக் காட்டுமா? செல்வி அளக்கிறாளா, அளந்ததாகச் சொல்கிறாளா?

இன்று கோவையில் பிரஷர் பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கிக்கொண்டு தாராபுரம் வந்தேன். அம்மாவுக்கு அளந்தேன். நூற்று அறுபத்தெட்டு.

"மாத்திரை சாப்பிடறியா இல்லையா?"

"சாப்பிடறேன் கண்ணு. நீ போலீசுக்காரியாட்ட முன்னால உக்காந்தா ஏறாம என்ன பண்ணும்? செல்வி சித்த நேரம் சும்மா உக்கார வெச்சுத்தான் பாப்பா."

"அப்பாவும் சாப்பிடறேன்னுதான் சொன்னாரு."

அம்மா மெஷின் பட்டையைக் கையிலிருந்து கழற்றினாள். "நாளைக்கு டாக்டர்கிட்டயே போலாம். அந்தப் புள்ளைய மட்டும் ஒண்ணுஞ் சொல்லிப்போடாதே."

அம்மா, செல்வி இருவரில் யார் பொய் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. வாய்ச்சொல்லை இனி நம்பிக்கொண்டிருக்க மாட்டேன், அப்பா. உங்களைப்போல அம்மாவை விழவிட மாட்டேன்.

உங்கள் மூத்த மகள்

மறுநாள் எழுதியது:

டாக்டர் என்னை வெளியே நிற்கச் சொன்னார். அம்மாவைப் பேசாமல் உட்காரவைத்து, என் மெஷினிலேயே அளந்து, கூப்பிட்டுக் காட்டினார். நூற்று முப்பத்திரண்டு. மாத்திரையை மாற்றவில்லை.

"உங்களுக்கு எப்பப் பாத்தீங்க?" என்றார்.

பார்த்ததே இல்லை. என்னையும் அப்படியே உட்காரவைத்து அளந்தார். நூற்று எழுபத்திரண்டு. நம்பாமல் மறு கையை நீட்டினேன். அதிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். உப்பைக் குறைத்துக்கொண்டு அடுத்த வாரம் மறுபடி வந்து காட்டச் சொன்னார்.

"கண்டிப்பா வாரனுங்க" என்றேன்.

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவங்கப்பாவும் இப்படித்தானுங்க டாக்டர் சொல்லுவாரு. நானே கூட்டிட்டு வாரனுங்க."