அக்கா திருப்பி அனுப்பிய குழாய்கள்

மார்ச் 3, திங்கள்

லேசர் வெல்டிங் ரோபோவுக்கு நான் வைத்த பட்டப்பெயர் தொழிற்சாலையில் எங்கள் பிரிவு முழுக்கப் பரவிவிட்டது. மாப்பிள்ளை. பின்னே? குளிர்ந்த தண்ணீர் வேண்டும், ஆர்கான் வாயு வேண்டும், துளித் தூசி ஆகாது. ஒன்று குறைந்தாலும் முறுக்கிக்கொண்டு நின்றுவிடும். குழாயை அதன் பிடிக்குள் வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பதுதான் என் வேலை. இருபது வருஷம் கையால் பற்றவைத்தவன், இப்போது மாமனார் ஸ்தானம்.

வீட்டுக்காரி கைக்குப் பூச ஒரு க்ரீம் வாங்கிக் கொடுத்தாள். "உங்க கை பட்டாலே போர்வையில நூல் இழுக்குது." காலையில் பூசிக்கொண்டு போனேன்.

மார்ச் 5, புதன்

அக்கா ஒரு குழாயைத் திருப்பி அனுப்பிவிட்டாள். கூடப் பிறந்தவள்தான், எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்துவிட்டால் சொந்தபந்தம் கிடையாது. விமானத்தின் பிரேக்குக்கு எண்ணெய் கொண்டுபோகிற டைட்டானியம் குழாய். இணைப்புக்குள் கடுகில் கால்வாசி கரும்புள்ளி. காற்றுக் குமிழியாம்.

"கண்ணாடியத் தொடச்சிட்டுப் பாருக்கா."

"தொடச்சிட்டுதான் பார்த்தேன். நீ எதைத் தொடைக்கலன்னு போய்ப் பாரு."

மார்ச் 6, வியாழன்

இன்னும் இரண்டு. வாயு உருளையை மாற்றினேன், லென்ஸை மாற்றினேன். மாப்பிள்ளைக்கு ஒரு குறையும் வைக்கவில்லையே.

மார்ச் 7, வெள்ளி

மதியம் அக்கா மூன்று படங்களோடு வந்தாள். குழாயை எப்படிப் பிடிப்பாய், காட்டு என்றாள். காட்டினேன். என் விரல் படுகிற இடத்தில்தான் மூன்று புள்ளிகளும். கையுறையை வாங்கி மோந்து பார்த்தாள்.

"ரோஜாப்பூ வாசனை. எந்தக் கல்யாணத்துக்குடா கிளம்பின?"

க்ரீம். பூசின கையாலேயே கையுறையை இழுத்து இழுத்து மாட்டியிருக்கிறேன். அந்தப் பிசுக்கு குழாயில் ஒட்டி, லேசர் சூட்டில் ஆவியாகி, உள்ளேயே மாட்டிக்கொண்டு...

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"எப்போலேருந்து பூசுற?"

புதன், வியாழன் குழாய்களை அவளே நிறுத்தி வைத்துவிட்டாள். திங்கள், செவ்வாய் பற்றவைத்தவை? ஐந்துக்கு ஒன்றுதான் எக்ஸ்ரே. பார்த்தவை நல்லவை, பார்க்காத நாற்பதும் பெட்டிக்குள். மூன்று மணிக்கு லாரி. 'புதன்கிழமைதான்க்கா' என்றால் கதை முடிந்தது. நாக்கு நுனிவரை வந்தது. இந்த டைரியில்கூட அதை மறைத்தால் அப்புறம் எங்கே சொல்வது?

"திங்கட்கிழமைலேருந்து," என்றேன்.

முதுகில் ஒரு தட்டு. "வா. மேனேஜர்கிட்ட நீயே சொல்லு."

மேனேஜர் லாரியை நிறுத்தினார். "க்ரீமா?" என்று மூன்று தடவை கேட்டார். மூன்றாவது தடவை எனக்கே நம்பிக்கை வரவில்லை.

மார்ச் 10, திங்கள்

நாற்பதில் நான்கு கெட்டவை. அக்கா ஞாயிறும் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். நான்கு விமானமாகக்கூட இருக்கலாமே — வேண்டாம், எழுத வேண்டாம்.

என்னைக் குழாய் கழுவுகிற மேசைக்கு மாற்றிவிட்டார்கள். மாமனார் பதவி போச்சு.

ஏப்ரல் 16, புதன்

மறுபடி ரோபோவுக்கே போகச் சொன்னார்கள். அக்கா சிபாரிசாம். என்னிடம் அவள் மூச்சு விடவில்லை.

மே 18, ஞாயிறு

காலையில் அக்காவை விமான நிலையத்தில் விட்டுவந்தேன். வெளியூரில் மகளுக்குப் பிரசவம். இத்தனை வருஷம் விமானக் குழாய்களையே பார்த்தவளுக்கு இதுதான் முதல் விமானப் பயணம். கையிலிருந்த சீட்டு கசங்கிப்போயிருந்தது.

"இதுல நம்ம குழாய் இருக்குமாடா?"

"இருக்கலாம்க்கா."

"நீ பத்தவச்சதா? அதான் பயமா இருக்கு."

"நீ பார்த்து அனுப்பினதும் அதானேக்கா."

சீட்டை நீவி நேராக்கிக்கொண்டு வரிசையில் போய் நின்றாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சாயங்காலம் போன். நல்லபடியாக இறங்கிவிட்டாளாம். ஜன்னலில் ஒரு கீறல் இருந்ததாம். பணிப்பெண்ணைக் கூப்பிட்டுக் காட்டினாளாம்.