கண்ணளவுக்காரி தைத்த கவுன்

டிசம்பர் 8

ஆல்டரேஷன் கடையில் இன்று எனக்கு ராஜமரியாதை. ஒரு ஆள் பேன்ட்டை நீட்டி, "இடுப்பு முப்பத்திரண்டு" என்று சாதித்தார். "முப்பத்தாறு" என்றேன். டேப் வைத்தால் முப்பத்தாறேகால்! "இவ கண்ணுலயே டேப் இருக்கு" என்றார் முதலாளியம்மா.

வீட்டில்தான் மரியாதை போச்சு. புத்தாண்டுக்குக் கண்டிப்பாக வருகிறேன் என்று என் வாண்டுவிடம் சொன்னது மூன்றாவது வருஷமாகப் பொய்யாகிவிட்டது. வருஷக் கடைசியில் யாருக்கும் லீவு கிடையாதாம். "இனிமே அம்மாகூடப் பேசமாட்டேன்னு சொல்லிட்டா" என்றார் என் வீட்டுக்காரர். பெத்த பொண்ணே பேசலைன்னா கடல் தாண்டி வந்து சம்பாதிச்சு என்ன புண்ணியம்?

டிசம்பர் 11

சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குப் புத்தாண்டுக் கவுன் வெட்டினேன். நீலத்துணி. இரண்டு பக்கமும் பாக்கெட் — மிட்டாய் பதுக்க வேண்டாமா?

"அளவெடுத்து அனுப்பட்டுமா?" என்று போனில் என் வீட்டுக்காரர் கேட்டார். கேட்கிற கேள்வியா இது?

"பெத்தவளுக்கே அளவு சொல்லித் தர்றீங்களா? போய் வேலையப் பாருங்க!" என்று ஒரு பிடி பிடித்தேன்.

டிசம்பர் 17

பார்சல் போய்விட்டது. கழுத்தோரம் முழுக்கக் கைத்தையல். அதைப் பார்த்தால் கல்லும் கரையும். இவள் கரையமாட்டாளா?

டிசம்பர் 24

கரையவில்லை. நான் போனில் பேசினால் டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறாள். அழுத்தக்காரி. என் வயித்துல பொறந்தது வேற எப்படி இருக்கும்!

ஜனவரி 1

கடை லீவு. காலையிலேயே புதுப்புடவை கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். யார் பார்க்கக் கட்டினேனோ. "மூஞ்சியத் தொங்கப்போடாம கிளம்பு, வெளியே போலாம்" என்று அறைத்தோழி செருப்பை மாட்டும்போது வீடியோ கால் வந்தது.

வாண்டு! போனை எங்கேயோ சாய்த்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"நல்லா பாரு! இது கவுனா, சட்டையா?"

முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. இடுப்புத் தையல் நெஞ்சில். முதுகைத் திருப்பிக் காட்டினாள் — ஜிப் ஏறாமல் மூன்று ஊக்கு.

"நான் இன்னும் ரெண்டாங்கிளாஸ்னு நெனச்சியா?"

இத்தனை நாளும் போனில் முகம் மட்டும்தானே தெரிந்தது? அந்த முகம் அப்படியேதான் இருந்தது. ஊரார் இடுப்பையெல்லாம் கண்ணாலேயே அளந்தவள், என் பிள்ளை கால் வளர்ந்ததைப் பார்க்கவில்லையே, பாவி! "யானைக்கும் அடி சறுக்கும்டி" என்று சமாளித்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

கால் மணி நேரம் திட்டினாள். ஒரு சொல் விடாமல் கேட்டேன். பின்னாலிருந்து இவர், "நான் அப்பவே சொன்னேன்..." என்று ஆரம்பித்தார்.

"நீ சும்மா இருப்பா!"

"நீங்க சும்மா இருங்க!"

இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. பிறகு கேட்டேன்:

"சரி, அளவு சொல்லு. வேற தைச்சு அனுப்பறேன்."

"சொல்லமாட்டேன். நீயே வந்து எடு."

ஜனவரி 3

முதலாளியம்மா ஏப்ரலில் லீவு தருகிறாராம். "அதுவரைக்கும் வளராம இருடி கண்ணு" என்றேன்.

"முடியாது. நீ வேணா சீக்கிரம் வா."

ஜனவரி 4

முதலாளியம்மா முன்னால் போய் நின்றேன். நகரவில்லை. மார்ச் முதல் வாரமே லீவு கிடைத்தது.

டிக்கெட் போட்டாச்சு. மஞ்சள் துணி மூன்று மீட்டர் வாங்கினேன். வெட்டவில்லை.