எட்டுக் குழல் அபஸ்வரனுக்கு

சங்ககிரியையே காதைப் பொத்த வைத்த என் தங்க மாமாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நினைவு நாளுக்குப் படம் போட்டு, கீழே நாலு வரி கண்ணீர் எழுதித் தரச் சொன்னாள் தங்கச்சி கவிதா. எனக்கு அது வராது. "மீளாத் துயரில்" என்று எழுத உட்கார்ந்தால் உங்கள் ரெக்சின் குல்லா கண் முன்னால் வந்து நிற்கிறது. சிரித்துவிடுகிறேன். அதனால் நேராக உங்களுக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படித்துக்கொள்ளட்டும்.

ஒரு நல்ல செய்தி இருக்கிறது. அதற்கு முன்னால் உங்கள் மேல் ஒரு புகாரும் இருக்கிறது.

புகார் புரிய வேண்டுமென்றால் பழைய கதையைத் தொட்டாக வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், படிக்கிறவர்களுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சங்ககிரியில் லாரிகளுக்கு ஏர் ஹார்ன் மாட்டும் கடை வைத்திருந்தீர்கள். எட்டு ஹார்ன் குழல்களை ஒரு பலகையில் வரிசையாக முடுக்கி, எட்டு காலிங் பெல் சுவிட்சுகளை இணைத்து, கம்ப்ரசரை ஓடவிட்டு, கடை வாசலில் பாட்டு வாசிப்பீர்கள். டிவி தொடர் எடுக்கிறவர்கள் சண்டைக் காட்சிக்கு லாரி வாடகை பேச வந்தார்கள். உங்கள் வாசிப்பைக் கேட்டார்கள். லாரியை மறந்துவிட்டு உங்களை வில்லனாகக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

தொடரில் உங்கள் பெயர் அபஸ்வரன். முதுகில் எட்டுக் குழலைக் கட்டிக்கொண்டு ஊருக்குள் வருவீர்கள். உங்கள் இசை காதில் ஏறினால் ஊரே தன்னை மறந்து ஆடும். ஆடுகிற நேரத்தில் உங்கள் ஆட்கள் ஊரைக் கொள்ளையடிப்பார்கள். பட்டு வேட்டியைத் தோளில் பறக்கவிட்ட ஒரு வீரன் வந்து உங்களை வாரா வாரம் அடித்து அனுப்புவான்.

முதுகுக் குழல்களுக்குக் காற்று எங்கிருந்து வந்தது? கேமராவில் தெரியாமல் பின்னால் ஒரு ரப்பர் ஹோஸ், அதன் மறுமுனையில் புதருக்குள் கம்ப்ரசர். ஹோஸ் நீளத்துக்கு மேல் ஒரு எட்டுக்கூட நீங்கள் போக முடியாது. யாரோ புண்ணியவான் அந்தத் தொடரை இப்போது இணையத்தில் ஏற்றியிருக்கிறார். கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "அபஸ்வரன் யாரையும் துரத்த மாட்டார். நின்ற இடத்திலிருந்தே ஜெயிப்பார். அதுதான் கெத்து." கெத்தும் இல்லை ஒன்றும் இல்லை, ஹோஸ் பத்தவில்லை என்று நான் பதில் போட்டேன். ரசிகர்கள் சேர்ந்து என்னைக் கழுவி ஊற்றிவிட்டார்கள்.

இப்போது புகாருக்கு வருகிறேன். முதல் நாள் படப்பிடிப்பில் நீங்கள் வாசிக்க, எல்லோரும் ஆட வேண்டும், வீரனும் மயங்கி ஆட வேண்டும். வீரனாக நடித்த பையன் மறந்துபோய் மரம் மாதிரி நின்றுவிட்டான். வெளிச்சம் இறங்கிவிட்டது, திரும்ப எடுக்க வழியில்லை. டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அப்போது நீங்கள் போய்ச் சொன்னதை எங்களிடமே எத்தனை தடவை நடித்துக் காட்டியிருப்பீர்கள்!

"ஏனுங்க, அவன் காதுல கடுக்கன் கெடக்குதல்லங்க? காது குத்துனவனுக்கு என்ற பாட்டு ஏறாதுன்னு வெச்சுக்குவமுங்க."

டைரக்டர் உங்களைக் கட்டிப்பிடித்தார். அன்றைக்கே தொடருக்கு 'கடுக்கன் வீரன்' என்று பெயர் மாறியது. அதற்கப்புறம்தான் உங்களுக்கு உறைத்தது, உங்கள் இரண்டு காதிலும் சிவப்புக் கல் கடுக்கன் இருப்பது. வில்லனுக்கே காது குத்தியிருந்தால் கதை நிற்குமா? லாரி சீட் ரெக்சினில் காதை மூடுகிற குல்லா ஒன்று தைத்து மாட்டிக்கொண்டு, தொடர் முடிகிற வரைக்கும் வேர்த்து ஊற்றினீர்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் மாமா. உங்களுக்கும் வேர்த்திருக்காது. எங்களுக்கும் இந்த வருஷம் இந்தப் பாடு வந்திருக்காது.

பாடு என்றால் யாழினியின் காதுகுத்து.

கவிதா மகள் யாழினியை நீங்கள் கைக்குழந்தையாகத் தூக்கியிருக்கிறீர்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். வீட்டுக்கு வந்ததும் போனைப் பிடுங்கி 'கடுக்கன் வீரன்' போடுவாள். வீரனை ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. நீங்கள் வரும் இடத்தை மட்டும் தேய்த்துத் தேய்த்து ஓட்டி, "வில்லன் தாத்தா, வில்லன் தாத்தா" என்று கூடத்தில் ஆடுவாள். உங்கள் மூன்றாவது குழல் நினைவிருக்கிறதா? உள்ளே தகடு விரிசல் விட்டு, கரகரவென்று கிடா இருமுவது மாதிரி கத்துமே, அபஸ்வரன் சிரிப்புக்கென்றே அமுக்குவீர்களே? அந்தச் சிரிப்பை இவள் தொண்டையிலேயே சிரிக்கிறாள்.

இரண்டு தடவை காதுகுத்து வைத்து இரண்டு தடவையும் நடக்கவில்லை. முதல் தடவை கோயிலைச் சுற்றி ஓடிவிட்டாள். இரண்டாம் தடவை ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியின் கேபினுக்குள் ஏறி உள்ளே பூட்டிக்கொண்டாள். ஆசாரி ஊசியைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். யாழினியின் அப்பாரு, அதாவது கவிதாவின் மாமனார், அந்த ரிக் வண்டியின் முதலாளி. சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் கட்டளை போட்டுவிட்டார்.

"இந்தத் தாட்டி ஓடுனா ரெண்டு பேரு கையைப் புடிங்க, ரெண்டு பேரு காலைப் புடிங்க. குத்தி உடுங்க. ஊரு சிரிக்குது."

கவிதா எனக்குப் போன் செய்து அழுதாள். "என்ற புள்ளைய அமுக்கிப் புடிச்சுக் குத்துறதை நான் எப்படிண்ணா பாத்துட்டு நிப்பேன்?" தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்துவதுதான் முறை. அந்த மடி என் மடி. பிள்ளையை நாலு பேர் அமுக்க, நான் நாற்காலி மாதிரி உட்கார்ந்திருப்பதா? அது மட்டும் நடக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

என் வழியில் முதலில் முயன்றேன். காதை மரத்துப்போக வைக்கிற களிம்பு வாங்கினேன். கொய்யாக்காயில் ஊசி குத்தி, பார் எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வலிச்சாப் பரவால்லீங்க மாமா. ஆனா எனக்குக் குத்த வேண்டாம்" என்றாள். வலி பிரச்சினையில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். நான்தான் இன்னும் நல்ல களிம்பு கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

பிள்ளையைச் சமாதானப்படுத்த உங்கள் குழலைக் கொண்டுபோகலாம் என்றது கவிதா யோசனை. அத்தை பரணிலிருந்து இறக்கித் தந்தார். குல்லாவையும் தந்தார், பூச்சி அரிக்காமல் வைத்திருக்கிறார். நான் திருச்செங்கோட்டில் நாள் முழுக்க ரிக் கம்ப்ரசரோடு மல்லுக்கட்டுகிறவன். உங்களுடையது எனக்குப் பொம்மை மாதிரி. ஹோஸையெல்லாம் மாற்றினேன். மூன்றாவது குழலின் தகட்டை மாற்றக் கை அரித்தது. நேரமில்லாததால் விட்டுவிட்டேன்.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில், கவிதா புகுந்த வீட்டாரின் குலதெய்வக் கோயில் மண்டபம். ஒரு பக்கம் கறி வெந்துகொண்டிருக்கிறது, சொந்தபந்தம் எல்லாம் சேர் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஓரமாக உங்கள் குழல்களும் கம்ப்ரசரும் தயாராக இருக்கின்றன. சீர்த் தட்டோடு நான் உள்ளே போகிறேன், தலையில் உங்கள் குல்லா. யாழினி என்னைப் பார்த்தாள்.

"குல்லா லூசா இருக்குதுங்க மாமா" என்றாள். அப்புறம் ஆசாரி கையைப் பார்த்தாள். சீர்த் தட்டு அடுக்கிய மேஜைக்கு அடியில் புகுந்துவிட்டாள்.

அப்பாரு எழுந்தார். நாலு பேருக்குக் கண்ணைக் காட்டினார். நான் குறுக்கே கையை நீட்டி, "சித்த இருங்க" என்று சொல்லிவிட்டு, பட்டு வேட்டியோடு தரையில் படுத்து மேஜைக்கு அடியில் தலையை விட்டேன்.

"ஏன் சாமி, பயமா இருக்குதா?"

"இல்லீங்க."

"அப்பறம் என்னதான் கண்ணு? உண்மையைச் சொல்லு. மாமன் யாருக்குஞ் சொல்ல மாட்டேன்."

முட்டி போட்டுத் தவழ்ந்து கிட்டே வந்தாள். அப்புறம் என் காதுப் பக்கம் வாயைக் கொண்டுவந்து சொன்னாள். "காது குத்துனா, வில்லன் தாத்தா பாட்டு எனக்கு ஏறாதுல்ல?"

மாமா, கேட்டீர்களா? ஓடியதும், கேபினைப் பூட்டியதும், எல்லாம் இதற்குத்தான். வெளிச்சம் போன ஒரு சாயங்காலம் சமாளிப்பதற்காக நீங்கள் விட்ட ஒரு கதை.

"அது சும்மா டிவிக்குச் சொன்னது சாமி. காது குத்துனாலும் ஏறும்."

"அப்ப அம்மா ஏன் ஆட மாட்டேங்குறா? நீங்க ஏன் ஆடலை? அப்பாரு? தாத்தா பாட்டுப் போட்டா நான் மட்டுந்தான் ஆடறேன். உங்க எல்லாத்துக்கும் காது குத்தியிருக்குது."

எங்கள் கம்பெனி மீட்டிங்கில்கூட இவ்வளவு சுத்தமான வாதம் நான் கேட்டதில்லை. கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் பேசுகிறாள். காது குத்திய ஒருவர்கூட உங்கள் பாட்டுக்கு ஆடி அவள் பார்த்ததே இல்லை. நாங்கள் எல்லோரும் சேரில் உட்கார்ந்து போனைத்தானே பார்த்துக்கொண்டிருந்தோம்? வாயால் சொல்லி இதை உடைக்க முடியாது. காது குத்திய ஒரு பெரிய ஆள் அவள் கண் முன்னால் ஆட வேண்டும்.

வெளியே வந்து, "யாராச்சும் ஆடுங்க" என்றேன். மண்டபமே என்னைப் பார்த்தது. கவிதா மாமனாரைப் பார்த்தாள். மாமனார் என்னிடம் வந்தார்.

"என்னுங்க தம்பி, பேச்சு நீண்டுட்டே போவுது? புடிக்கச் சொல்லட்டுங்களா?"

சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. "வேண்டாமுங்க. நீங்க ஆடோணுமுங்க" என்றேன். விஷயத்தைச் சொன்னேன்.

அவர் முகம் அசையவில்லை. கை மட்டும் மெதுவாக மேலே போய்த் தன் காதுக் கடுக்கனைத் தொட்டது. குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். பேத்தி இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எனக்கு ஆட்டமெல்லாம் தெரியாதுங்க தம்பி."

"எப்படி ஆடுனாலுஞ் செரிங்க."

"அப்ப ஊதுங்க."

நான் ஊதினேன். எனக்கு ராகம் தெரியாது, சுவிட்சு தெரியும். எட்டையும் வரிசையாக அமுக்கினேன். மண்டபக் கூரையில் இருந்த புறாக்கள் மொத்தமும் கிளம்பின. அப்பாரு ஆடினார் மாமா! அவருக்குத் தெரிந்த ஒரே அசைவு, ரிக் வண்டியை ரிவர்ஸ் எடுக்கச் சைகை காட்டுவது. இரண்டு கையையும் தோளுக்கு மேல் தூக்கி, வா வா வா, ஒடிச்சு வா, ஒடிச்சு வா, நிறுத்து. அதையே ஆட்டமாக ஆடினார். முகத்தில் சிரிப்பு இல்லை, கண்ணில் தண்ணீர் மட்டும் நிற்கிறது, ஹார்ன் சத்தத்திலா வேறு எதிலா, யாருக்குத் தெரியும்?

கவிதா சிரித்துக்கொண்டே ஓடிவந்து சேர்ந்துகொண்டாள். சமையல்கட்டிலிருந்து கரண்டியோடு ஒருவர் வந்தார். ஆசாரியும் கையைத் தூக்கிவிட்டார்.

"ஆசாரி, ஊசியைக் கீழ வெச்சுப்போட்டு ஆடுங்க! இல்லாட்டி ஆரு கண்ணையாச்சும் குத்திருவீங்க!" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

நான் மூன்றாவது சுவிட்சை அமுக்கினேன். கரகரவென்று உங்கள் சிரிப்பு. மேஜைத் துணி விலகியது. யாழினி வெளியே வந்து ஒவ்வொருவர் காதையும் அண்ணாந்து பார்த்தாள். ஆசாரி காதைக்கூட விடவில்லை. பார்த்து முடித்து, நேராக வந்து என் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

"குத்தச் சொல்லுங்க."

குத்தினார்கள். யாரும் கையைப் பிடிக்கவில்லை, காலைப் பிடிக்கவில்லை. களிம்பு காரிலேயே கிடந்தது. இரண்டாவது காதுக்கு அவள் போட்ட சத்தத்தில் உங்கள் எட்டுக் குழலும் தோற்றது. "வலிக்குதுங்க மாமா! நெம்ப வலிக்குது!" என் சட்டைப் பொத்தான் இரண்டு போய்விட்டது. ஆனால் மடியை விட்டு இறங்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கியதும் முதல் வார்த்தை, "இப்ப ஊதுங்க."

நான் ஊதினேன். அவள் அசையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, வீரன் மாதிரி, மரமாக நின்றாள். இன்னொரு தடவை ஊதினேன். ஊகூம். கவிதா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பாரு ஒரு எட்டு முன்னால் வைத்தார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு பிள்ளையை ஏமாற்றிவிட்டோமா என்று ஆகிவிட்டது.

அப்போது அவள் தொண்டையிலிருந்து வந்தது, அந்தக் கிடா இருமல். அபஸ்வரன் சிரிப்பு. "ஏமாந்துட்டீங்களா!" என்று கத்திவிட்டு ஆடினாள் பாருங்கள், காதில் ரத்தப் பொட்டு காயாமல், கம்மல் மினுங்க, ஆடினாள். கூட அப்பாருவும் ரிவர்ஸ் எடுத்தார். கறி அடிப்பிடிக்கிற வாசம் வந்த பிறகுதான் நிறுத்தினோம்.

இவ்வளவுதான் செய்தி. புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஒன்று கேட்க வேண்டும் மாமா. இப்போதாவது ஹோஸ் இல்லாமல் ஓடுகிறீர்களா? முதுகில் எட்டுக் குழலோடு, பின்னால் எதுவும் இழுக்காமல், அந்த வீரனை ஒரு தடவையாவது துரத்திப் பார்த்தீர்களா?

இங்கே உங்கள் குழலை நான் பரணில் ஏற்றப்போவதில்லை. கம்ப்ரசர் என் பொறுப்பு. மூன்றாவது தகட்டில் கை வைக்க மாட்டேன், விரிசல் விரிசலாகவே இருக்கட்டும். நம் வீட்டில் எந்தப் பிள்ளைக்குக் காது குத்தினாலும் குல்லாவை மாட்டிக்கொண்டு வந்து நிற்பேன். அன்றைக்குச் சுவிட்சை யாழினி அமுக்குவாள். எல்லோருக்கும் முன்னால் நான் ஆடுவேன். எனக்கு ஆட்டம் வராது என்பது உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் ஆடுவேன்.

உங்கள் மடியில் காது குத்திக்கொண்ட மருமகன்,
யாழினியின் தாய்மாமன்,
தினேஷ்